பிள்ளையார் ஒட்டாத இடம்

ஹாமில்டன், ஒன்டாரியோ
மே 18

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். போன் போட்டால் உங்கள் லாரி ஷெட் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை. அதனால்தான் கடிதம்.

கார் வாங்கிவிட்டேன். 1998 மாடல், 900 டாலர். இன்ஜின் தங்கமாக ஓடுகிறது, பாடிதான் போச்சு. குளிர்காலம் முழுக்கப் பனி உருகட்டும் என்று இங்கே ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் மடிப்புக்குள் தங்கி, உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது.

வாங்கும்போது பின்சக்கர வளைவு வழவழவென்றுதான் இருந்தது. வீட்டுக்கார இத்தாலியத் தாத்தா பார்த்தார். டிங்கரிங் வேலை பார்த்தே ஓய்வு பெற்றவர். அம்மா கொடுத்து, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துவரச் சொன்னார். கதவில் வைத்தால் பிள்ளையார் கப்பென்று ஒட்டிக்கொண்டார். வளைவில் வைத்தால் பொத்தென்று கீழே விழுந்தார். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் விரல் கனத்துக்குப் பள்ளம் அடைக்கிற பட்டிப் பசை, அதற்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள்! விற்றவனை நல்ல தமிழில் திட்டினேன்.

கடையில் 1,800 டாலர் கேட்டார்கள். இந்த ஓட்டையோடு, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற சேஃப்டி சர்டிபிகேட் கிடைப்பது கஷ்டம் என்றார் தாத்தா. சரி, நாமே பார்ப்போம் என்று அவர் கராஜில் இறங்கிவிட்டேன்.

தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முதல் நாள் ஒரே இழுப்பாக வெல்டிங் வைத்தேன், சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி, நடுவில் ஆறவிட வேண்டுமாம். பட்டியிலும் அதே அவசரம்தான். குளிருக்குச் சீக்கிரம் இறுகட்டும் என்று பட்டியை இறுக வைக்கிற ஹார்டனரை அதிகமாகப் பிதுக்கினேன், தடவுவதற்குள் பலகையிலேயே கல்லாகிவிட்டது.

அப்புறம் தேய்ப்பு. 80 நம்பர் உப்புத்தாள், 180, 320. கறுப்பு ஸ்பிரேயை லேசாகத் தூவித் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். எனக்கு அதுதான் கண். தாத்தாவோ அதைப் பார்ப்பதே இல்லை. துணியைப் போட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு உள்ளங்கையால் தடவுகிறார். நீங்கள் லாரி கேபின் கதவைத் தடவுவீர்களே, அதே மாதிரி. பத்தாவது லீவில் "தடவிப் பாருடா" என்று என்னையும் உட்கார வைத்தீர்கள். தாள் தேய்க்கச் சொல்வீர்கள் என்று ஓடிப்போனேன். இப்போது மூன்று வாரமாகத் தடவுகிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. ப்ரைமர் அடித்தால்தான் அலையலையாகத் தெரிகிறது. தாத்தாவிடம் கேட்டால் சிரிக்கிறார். கையை நீளவாக்கில் இழுக்க வேண்டுமா, குறுக்கிலா? அழுத்தலாமா? எழுதுங்கள்.

பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளையும் அடைத்துவிட்டேன். இரும்பு ரிம்முக்கு வெள்ளை அடித்தாயிற்று. மிச்சம் ஒரே ஆசைதான். டிக்கியில் "நாமக்கல்" என்று எழுத வேண்டும். ஸ்டிக்கர் வேண்டாம். உங்கள் ஷெட்டில் லாரி நெற்றிக்கு எழுதும் பெயின்டர் அண்ணனிடம், அந்த நிழல் விழுகிற எழுத்தில், இரண்டடி நீளத் தாளில் எழுதி வாங்கி அனுப்புங்கள். மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள். நான் ஊசியால் குத்திப் படியெடுத்துக்கொள்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்