கெட்டிஸ்பர்க் கூட்டிப்போகும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

போன கோடையில் என் மகளின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளோடு நானும், அமெரிக்க உள்நாட்டுப் போரின் போர்க்களமான கெட்டிஸ்பர்க் ஊருக்குப் போய்வந்தேன். பிள்ளைகள் பீரங்கிகளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதிபர் லிங்கன் அங்கே ஆற்றிய பேச்சை ஒரு சிறுமி தப்பில்லாமல் ஒப்பித்தாள். எந்தத் தளபதி எந்த மேட்டைப் பிடித்தார் என்று வினாடி வினாவும் நடந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் ஆறாமல்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் போர் ஏன் முக்கியம் என்று நீங்கள் சொன்னதில் குறையில்லை. 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த சண்டையில் தோற்றுத் திரும்பிய லீ, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தளபதி, அதன்பின் வடக்கே படையோடு வரவேயில்லை. மறுநாளே மிசிசிப்பி ஆற்றங்கரையில் தெற்கின் வசமிருந்த விக்ஸ்பர்க் நகரம் வடக்குத் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது. உள்நாட்டுப் போர் முடிய இன்னும் இரண்டு வருடம் பிடித்தாலும் தெற்கின் கை தாழ்ந்தது அந்த வாரத்தில்தான்.

மூன்று நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். படைகள் கிளம்பிப் போனபின் சுமார் 21,000 காயம்பட்டவர்கள் அங்கேயே கிடந்தார்கள். ஊரின் மக்கள்தொகையோ 2,400தான். ஊர்க்காரர் ஒருவருக்குக் காயம்பட்டவர் கிட்டத்தட்ட ஒன்பது பேர்! தேவாலயம், பள்ளிக்கூடம், வைக்கோல் கொட்டகை எல்லாமே மருத்துவமனை ஆயின. இதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்.

சொல்லாமலே விட்ட ஒன்றும் இருக்கிறது. செமெட்டரி ரிட்ஜ் மேட்டில் ஒரு சின்ன வெள்ளை வீடு நிற்கிறது. நாம் அதைத் தாண்டித்தான் நடந்தோம். அது ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்பின விவசாயியின் வீடு. அவர் அடிமை அல்ல, சொந்த நிலத்தில் உழுதவர். ஆனாலும் லீயின் படை வருகிறது என்றதும் குடும்பத்தோடு ஓடவேண்டியிருந்தது. பென்சில்வேனியாவுக்குள் நுழைந்த அந்தப் படை, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களையும் பிடித்து அடிமைகளாகத் தெற்கே ஓட்டிச்சென்றது. போர் எதற்காக நடந்தது என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இந்த ஒரு செய்தி போதும். மூன்றாம் நாள் தெற்குப் படை நடத்திய பிக்கெட் தாக்குதலின் ஒரு முனை வந்து மோதியது அவர் கொட்டகைக்கு அருகில்தான். திரும்பி வந்தபோது வீடும் பயிரும் நாசம். ஆயிரம் டாலருக்கு மேல் நட்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர்.

அப்புறம் பேசில் பிக்ஸ். இவரும் கறுப்பினத்தவர்தான். வடக்குப் படையின் இறந்த வீரர்கள் வயல்களில் அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களைத் தோண்டியெடுத்துப் புதிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்தது இவருடைய ஆட்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். நவம்பர் 19 அன்று அந்தத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் லிங்கன் பேசியபோது அந்த வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. அந்தப் பேச்சை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இது தெரியவேண்டாமா?

பெயர் தெரியாமல் கிடந்த ஒரு வடக்கு வீரரின் உடலோடு மூன்று குழந்தைகளின் படம் இருந்தது. அதை அச்சிட அன்று வசதி இல்லாததால், குழந்தைகளின் தோற்றத்தையும் உடையையும் எழுத்தில் விவரித்துப் பத்திரிகைகள் வெளியிட்டன. நியூயார்க் மாநிலத்தில் ஒரு தாய் அதைப் படித்துத்தான் தன் கணவர் ஏமஸ் ஹ்யூமிஸ்டன் இறந்ததை அறிந்தார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 51,000 என்ற எண் எட்டாது. இந்தப் படம் எட்டும்.

அடுத்த பயணத்துக்கு வண்டி ஓட்டவும் புளிசாதம் கட்டித்தரவும் நான் தயார். வினாடி வினாவைச் சற்றுக் குறைத்து, பிரையன் வீட்டு முன் அரைமணி நேரம் பிள்ளைகளை உட்காரவையுங்கள். பிறகு ஊருக்குள் இருக்கும் லிங்கன் இடுகாட்டுக்கும் போவோம். உள்நாட்டுப் போரில் வடக்குக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்கள் சுமார் 30 பேர் அங்கே, கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒதுக்கிய மண்ணில், உறங்குகிறார்கள். போன தடவை நம் பேருந்து அங்கே நிற்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அப்பா