கூட்டம் முடியும்வரை கூடவே இருந்த அக்காவுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு மக்களுக்கு வணக்கம்.

மறதி நோயால் வழி தவறிக் காணாமல் போயிருந்த எங்கள் அப்பா நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். லேசாகச் சளி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு இப்போது தூங்குகிறார். அவரைத் தேடிப் போட்ட படத்தைப் பகிர்ந்தவர்கள் இன்னமும் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

ராயபுரம் அண்ணா பூங்காவில் அப்பாவைக் கண்டு பார்த்துக்கொண்ட, அங்கே பெருக்கும் வேலை பார்க்கும் அக்காவைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியே ஆக வேண்டும். பேர் போடட்டுமா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் இன்னாத்துக்கும்மா பேரு" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அப்பா ஏன் அங்கே போனார் என்று பலரும் கேட்டீர்கள். அவர் வயசுக்காரர்களுக்கு அது இன்னும் ராபின்சன் பார்க்தான். 1949 செப்டம்பர் 17 அன்று பவழக்காரத் தெருவில் தி.மு.க. தொடங்கப்பட்டது. மறுநாள் 18-ம் தேதி, அதன் முதல் பொதுக்கூட்டம் இந்தப் பூங்காவில் நடந்தது. கொட்டுகிற மழையில் அண்ணா பேசினார், கூட்டம் கலையவில்லை. வயசானவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டு வளராத பிள்ளைகள் எங்கள் பக்கம் குறைவு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து, அந்த மழையில் அப்பாவும் நனைந்தாராம். பேச்சில் ஒரு வரிகூட அவருக்கு நினைவில்லை, அப்போது சின்னப் பிள்ளை. தாத்தா தலைத்துண்டை அவிழ்த்து அவர் தலையில் போட்டதும், "கூட்டம் முடியட்டும்டா, போலாம்" என்று சொன்னதும்தான் நினைவு. மறதி நோய் முற்றி, பெற்ற மகள் பேரே நழுவிப்போகிற நாளிலும் அது மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அப்பா பூங்காவில் இருந்த அன்றைக்கும் மழை. வேலை முடிந்து அக்கா வீட்டுக்குக் கிளம்பும் நேரம். சிமெண்ட் பெஞ்சில், செருப்பில்லாமல், சட்டையெல்லாம் நனைந்து ஒரு பெரியவர். வீடு எங்கே என்று கேட்டதற்கு, "கூட்டம் இன்னும் முடியல" என்றிருக்கிறார். வேறு யாராவது இருந்தால் புத்தி சரியில்லாதவர் என்று தாண்டிப் போயிருப்பார்கள். நல்ல மனசுக்காரர்களாக இருந்தாலும், "எந்தக் கூட்டம் தாத்தா? இங்க யாருமே இல்லையே, எழுந்திருங்க" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இழுத்தால் அப்பா மிரண்டு ஓடிவிடுவார். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகிற நேரம் அது.

அக்கா சொன்னது இதுதான்: "சரி நைனா, முடியட்டும். நானும் இப்டி ஓரமா குந்திக்கிறேன்."

குப்பை அள்ளுகிற புதுச் சாக்கு ஒன்றை எடுத்து, ஈர பெஞ்சில் அப்பாவுக்குக் கீழே விரித்திருக்கிறார். ஒரு கம்பி முறிந்த குடை. அதை முழுக்க அப்பா பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டைப் பூட்ட வேண்டாம் என்று சொல்லி, டீயும் பொறையும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பல் இல்லை. பொறையை டீயில் நன்றாக ஊறவைத்து, சொட்டாமல் அடியில் கையேந்தி ஊட்டியிருக்கிறார். டீ வாங்கப்போன இடத்தில் ஒருவர் போனில் அப்பாவின் படத்தைக் காட்டியதும்தான் வாட்ச்மேன் அண்ணன் எங்களைக் கூப்பிட்டார்.

நாங்கள் ஓடிப்போனோம். நான் அப்பாவைத் தூக்கப் போனேன். அக்கா "கொஞ்சம் இரும்மா" என்று கையமர்த்தினார். அப்பாவிடம் குனிந்து, "கூட்டம் முடிஞ்சிட்ச்சி நைனா, அல்லாரும் கிளம்பறாங்க. நாம வூட்டுக்குப் போலாமா?" என்றார். அப்பா ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தானாகவே எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அக்காவின் ஒரு பக்கத் தோளும் புடவையும் தொப்பலாக நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மறதி உள்ளவர்களோடு வாதாடாதீர்கள், அவர்கள் இருக்கும் காலத்துக்கு நீங்கள் போங்கள் என்று டாக்டர்கள் சொல்வார்கள். வீட்டில் இருக்கிற நமக்கே அது லேசில் வராது. அக்காவுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கேட்டதற்கு, "பெரியவரு ஒரு காரியமா வந்துகிறாரு, பாதியில எழுப்புனா கஷ்டமா இருக்காதா?" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், குறைவாக நினைக்காதீர்கள். கேமராவை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்த எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்கள், சவாரியை விட்டுவிட்டுத் தெருத்தெருவாகத் தேடிய ஷேர் ஆட்டோ அண்ணன்கள், துறைமுகப் பக்கம் அலசிய காசிமேட்டுத் தம்பிகள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் பார்த்துவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, தொழுகை முடிந்ததும் மைக்கில் அறிவித்த பள்ளிவாசல் பெரியவர்கள், தூங்காமல் கூட இருந்த காவலர்கள். உங்களில் பலருடைய முகம்கூட எனக்குத் தெரியாது.

எங்கள் ஏரியாவில் வீட்டுக்குத் திண்ணை என்பதே இல்லாமல் போய்விட்டது. ஒரு அறைக்குள் நாலு பேர் படுக்கிற வீடுகளுக்கு அந்தப் பூங்காதான் திண்ணை. காசு கேட்காமல், யார் நீ என்று கேட்காமல் ஒரு கிழவர் போய் உட்கார அங்கே ஒரு பெஞ்ச் இருந்தது. அதை தினமும் பெருக்கிச் சுத்தமாக வைக்க ஒரு அக்கா இருந்தார். மரத்துக்கு ஆணி அடிப்பவர்களும் பெஞ்சில் எச்சில் துப்புபவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் உள்பக்கம் பேரும் போன் நம்பரும் எழுதிய துணியைத் தைத்து முடித்துவிட்டேன். மறதி உள்ளவர்கள் இருக்கும் வீடுகளில் தயவுசெய்து இன்றைக்கே இதைச் செய்யுங்கள். இனி யார் வீட்டுப் பெரியவர் காணாமல் போனாலும் எங்களுக்கும் சொல்லுங்கள், நானும் என் தம்பியும் தேட வருவோம், எந்த நேரமானாலும்.

அக்காவுக்குப் பணம் கொடுக்கப் போனோம், வாங்கவில்லை. "அதுக்குப் பதிலா ஞாயித்துக்கெழம நைனாவ இட்டுகினு வா, நல்லா வெயிலு இருக்கும்" என்றார்.

வருகிறோம் அக்கா. டீயும் பொறையும் எங்கள் செலவு.