மை எங்கே போகிறது?

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்தது நல்ல சேதி. இங்கே எல்லாரும் சுகம். கமலாவுக்கு மழை வந்தால்தான் மூட்டு வலி கூடுகிறது.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். ஊர்க்கோயில் கட்டுரைகளை பிரிண்ட் எடுக்கத் தொடங்கியதிலிருந்து பென்ஷன் மைக்கே போகிறது என்கிறாய். "அதிகம் அடிக்கவே இல்லை, மை மட்டும் தீர்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். பிரிண்டரை எப்படி அணைக்கிறாய்? ஃபேனை அணைப்பதுபோல் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுகிறாயா? அதன் சொந்த பட்டனை அமுக்கினால்தான் மை தெளிக்கும் ஹெட் ஓரமாகப் போய் மூடிக்குள் ஒழுங்காக உட்காரும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் திறந்தபடியே நின்றுபோய், துளைகளில் மை காய்ந்துவிடும். மறுபடி போடும்போது அடைப்பு எடுக்க அதுவே மையை உறிஞ்சி, உள்ளே அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டும். ஒரு எழுத்துகூட அச்சாகாமல் மை தீர்வது அப்படித்தான். மாதக்கணக்கில் சும்மா போட்டு வைத்தாலும் இதே கதை. வாரம் ஒரு பக்கமாவது கலரில் அடித்துவிடு.

திருத்திப் பார்க்க எடுக்கும் பிரதிக்கு, மை குறைவாகச் செலவாகும் 'டிராஃப்ட்' தரம் போதும். கொஞ்சம் வெளிறித் தெரியும், அதனால் என்ன? 'கறுப்பு மை மட்டும்' என்ற வசதி உன் மாடலில் இருந்தால் அதையும் போட்டுவை. இல்லையென்றால் சாம்பல் நிறத்துக்குக்கூட மூன்று கலரையும் கலக்கும்.

தாளுக்கு வந்தால், நீ இன்னும் லதா எழுத்துருவில்தானே அடிக்கிறாய்? அது இடத்தைத் தாராளமாகப் பிடிக்கும். விஜயா எழுத்துருவுக்கு மாற்றி, எழுத்தின் அளவை ஓரிரு புள்ளி பெரிதாக்கினாலும் பக்கம் குறையும். கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவுக்குச் சுருக்கிவிடாதே, அது கஞ்சத்தனம்! இரண்டு பக்கமும் அடிக்க, முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள், தாளைத் திருப்பி இரட்டைப்படைப் பக்கங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். நாலு பக்கத்தில் சோதித்துவிட்டு முழுதும் அடி. கட்டுரைக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள். நடுவில் ஒரு பத்தி சேர்த்தாலும் அந்தக் கட்டுரையோடு போகும், கட்டு முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியிராது.

பிரிண்டே எடுக்காதே, மரம் அழிகிறது என்று உன் பையன் சொல்கிறானாம். முழுக்க ஒப்பமாட்டேன். கரூர் பக்கம் காகிதபுரம் ஆலையில் கரும்புச் சக்கையையும் கூழாக்கித்தான் தாள் செய்கிறார்கள். அதற்காகத் தண்ணீரும் மின்சாரமும் சும்மா வருவதில்லை, அந்த அளவில் அவன் சொல்வது சரிதான். ஆனால் ஒற்றுப்பிழை திரையில் தப்பிவிடுகிறது, தாளில்தான் மாட்டுகிறது. கடைசித் திருத்தத்தைத் தாளில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் நீ எடுக்கும் மூன்று பிரதிகளைத்தான் விடச் சொல்கிறேன்.

தெப்பக்குளம் கட்டுரையை பிடிஎஃப்பாக அனுப்பு. நானே இங்கே அடித்து, திருத்தி கொரியரில் போடுகிறேன். தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
சிவகுரு