தேயிலைத் தூளில் சாயம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயம் கலந்த கலப்படத் தேயிலை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள தேவிபட்டினத்தில் இருபது ஆண்டுகளாகத் தேநீர்க்கடை நடத்துகிறவன் நான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கடைக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். நனைத்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவினார்கள். தாளில் நிறம் பரவவில்லை. "நல்ல தூள்தான்" என்று சொல்லி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு (காசு கொடுத்துத்தான்) கிளம்பினார்கள். "பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க மாட்டீர்களா, ஐயா?" என்று கேட்டதற்குச் சிரிப்புதான் பதில்.

அந்தத் தாள் சாயத்தை மட்டுமே காட்டும். பூச்சிமருந்து எச்சத்தை ஆய்வகக் கருவிதான் கண்டுபிடிக்கும். கீரையையாவது மூன்று தண்ணீரில் அலசுகிறோம். தேயிலைக் கொழுந்தைப் பறித்த பின் யாரும் கழுவுவதில்லை. வாடவைத்து, நசுக்கி, புளிக்கவிட்டு, உலர்த்தி மூட்டை கட்டிவிடுகிறார்கள். எங்கள் அடுப்பில்தான் அது முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கிறது. கிரீன் டீ என்றால் பயமில்லை என்பார் சிலர். அதே செடியின் கொழுந்தைப் புளிக்கவிடாமல் காயவைத்ததுதான் அதுவும்.

2014இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 49 தேயிலை மாதிரிகளைச் சோதித்து, 46இல் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவித்தது. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே இருப்பதாகத் தேயிலை வாரியம் மறுத்தது. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது பெயர் அச்சிட்ட பொட்டலங்களை. எங்கள் கரையோரக் கடைகளில் கொதிப்பதோ, எந்தத் தோட்டத்துச் சரக்கென்றே தெரியாமல் எடைபோட்டு வாங்கும் டஸ்ட் தூள்.

தூளோடு வடித்த சாற்றையும் சோதிக்க வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்து தண்ணீரில் கரையும். டிடிடி என்ற பூச்சிமருந்து பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்காக அதிகாலை 4 மணிக்குத் துணிப்பையில் போடும் தூள், விடியும்வரை வெந்நீரிலேயே கிடக்கிறது. நிறம் சரியாக இறங்காவிட்டால், இன்னும் ஒரு கரண்டி போடுவோம்.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்கும்போதே அதை வியாபாரியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் எந்த மூட்டையைப் பிரிப்பார்?

ஆகவே அதிகாரிகளே தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை சொல்லாமல் வந்து, டஸ்ட், இலைத் தேயிலை, கிரீன் டீ என்று எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, முடிவைத் தங்கள் நாளிதழில் வெளியிடட்டும். என் கடையிலிருந்தே தொடங்கலாம். 4 மணிக்கெல்லாம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
தேநீர்க்கடைக்காரர் ஒருவர்,
தேவிபட்டினம்.