பாதி வீட்டில் மட்டும் கரண்ட் போனால்

குழுவினருக்கு வணக்கம். நேற்று இரவு எங்கள் வீட்டு ஹாலில் விளக்கு எரிந்தது, சமையலறை மட்டும் இருட்டு. இப்படி ஆனால் என்ன பார்க்கலாம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கை ஈரமில்லாமல் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) பாக்ஸைத் திறந்து பாருங்கள். டிரிப் ஆன, அதாவது தானாக விழுந்த சுவிட்ச், சில வகைகளில் முழுக்க இறங்காமல் நடுவிலேயே நிற்கும். ஆன்தானே என்று கண் ஏமாந்துவிடும். அதை முழுதாகக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். நான் நேராக மேலே தள்ளி, நிற்கவில்லையே என்று பத்து நிமிடம் புலம்பினேன்!

ஏற்றுவதற்கு முன் அந்தப் பகுதியில் உள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் வீட்டில் பழைய மின்கெட்டில். எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில்தான். திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள்.

எம்.சி.பி. எல்லாம் ஆனில் இருந்தும் பாதி வீடு இருட்டா? மூன்று ஃபேஸ் இணைப்பில் (மூன்று கம்பிகளில் கரண்ட் வரும் இணைப்பு) ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். சில விளக்கு மங்கி, சில விளக்கு கண் கூசும்படி எரிந்தால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறக்கூடும். உடனே மெயினை அணையுங்கள். கருகல் வாசனை வந்தாலும் அப்படித்தான். அதற்குமேல் எலக்ட்ரீசியன் வேலை.