சித்திக்கு, அந்த மஞ்சப்பையைப் பற்றி

அன்புள்ள சித்தி,

போன் பண்ணினால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். பேர், ஊர் எதுவும் போடவில்லை. உங்களைப் போல ஒரு சித்தி நிறைய வீடுகளில் இருக்கிறார், அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும்.

போன வாரம் வந்தபோது அடுப்பு மேடையில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டு பிரிக்காமலேயே மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தது. சீரியல் பார்த்துக்கொண்டே ஒரு காம்பு விடாமல் ஆய்கிறவர் நீங்கள். கேட்டதற்கு, "ஆயணும்னு தோணலடா" என்றீர்கள். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். தோணல என்றீர்களே, அதுதான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் அந்த மஞ்சப்பை. கழுத்து எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், இசிஜி, எல்லாம் நார்மல். போன இடமெல்லாம் "ஒண்ணும் இல்லம்மா" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், சித்தப்பாவும் சும்மா சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். உங்கள் வலி பொய்யில்லை சித்தி. மனச்சோர்வு எல்லோருக்கும் அழுகையாக வருவதில்லை. தலை பாரம், உடம்பு எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு என்று உடம்பு வழியாகவும் வரும். விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு தட்டுவது, காலையில் எழவே முடியாமல் கிடந்து சாயந்திரம் கொஞ்சம் தேவலாம்போல இருப்பது, பசி போனது, ரவிக்கையெல்லாம் தொளதொள என்று ஆனது, இதெல்லாம் ஒரே நோயின் அடையாளங்களாக இருக்கலாம். இப்படி 2 வாரம் நீடித்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு ஆடியில் ஆரம்பித்தது, தை வந்துவிட்டது.

மனநல டாக்டர் என்றதுமே "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பாக்குறியா" என்று கேட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அந்த ஊர்ப் பேரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியதை டிவியில் பார்த்த யாருக்கும் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் கூப்பிடுவது மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபிக்கு. சீட்டு போட்டு, பேசி, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே மாத்திரைக்குக் காசு கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் நான் அல்சருக்கு என்று சொல்லி உங்கள் எதிரிலேயே ஒரு மாத்திரை போட்டேனே, அது அல்சருக்கு இல்லை. வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் குமட்டல் மட்டும்தான், வேறு மாற்றமே இல்லை, விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. நாலாவது வாரம் ஒருநாள் டீக்கடையில் யாரோ சொன்னதற்குச் சிரித்துவிட்டேன், அப்போதுதான் எத்தனை மாதமாகச் சிரிக்கவில்லை என்றே உறைத்தது. அது தூக்க மாத்திரை இல்லை, போதை மாதிரி பழகிவிடுகிற மாத்திரையும் இல்லை. நாமாக திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது "நான் இருந்து என்னத்த ஆகப்போகுது" என்று மெல்லச் சொன்னீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா சித்தி? இப்படிக் கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடாது என்று தெரிந்துதான் நேராகவே கேட்கிறேன். தோன்றினால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் சித்தப்பாவை எழுப்புங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416, அரசாங்கத்தின் டெலி மனஸ், 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வியாழக்கிழமை காலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகும் என்பதால் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். மஞ்சப்பையை எடுத்து வையுங்கள், டாக்டர் பார்க்கட்டும். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.