பரண் ஏறும் முன்

அன்புள்ள சாமிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை மான் வேட்டைக்கு வில் சீசன் திறக்கிறது.

போனில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ எடுத்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ இந்த வருஷம் மினசோட்டாவிலேயே அரசு நிலத்தில் தனியாகப் போகப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். முதுகில் சுமந்துபோய் மரத்தோடு சேர்த்து ஏறுகிற பரண் ஒன்று வாங்கியிருக்கிறாயாமே. நல்ல பரணாகத்தான் இருக்கும், நீ பார்த்துத்தான் வாங்கியிருப்பாய். ஆனால் விழாமல் உடம்பைப் பிடித்துக்கொள்கிற வார், அந்த ஹார்னஸ், போட்டுக்கொள் சாமி. தரையில் நிற்கும்போதே மாட்டிவிடு. முதல் அடி ஏறும்போதே மரத்தோடு கோத்துக்கொள். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதே. உட்கார்ந்து வாரைச் சரிபார்த்த பிறகு கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள். உன்னுடைய பழைய ஹார்னஸ் காலேஜ் படிக்கும்போது வாங்கியது, ஐந்து வருஷத்தில் மாற்றச் சொல்லி அதிலேயே தேதி தைத்திருப்பார்கள், பார். ஒருவேளை தொங்கும்படி ஆகிவிட்டால் காலைச் சும்மா தொங்கவிடாதே, ரத்தம் கீழே தேங்கிவிடும். கூட வருகிற வாரில் பாதத்தை ஊன்றி மிதித்துக்கொண்டே இரு. எந்தக் காடு, எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. அங்கே யாரும் இல்லை என்றால் எனக்கு எழுது. நான் முழித்துத்தான் இருப்பேன்.

நம் வேட்டை கேம்ப்பின் வில் தாத்தாவுக்குத் தோள் முழுசாகவே போய்விட்டது. 2014இல் எல்லோருக்கும் விசையை அழுத்தி அம்பு விடுகிற கிராஸ்போவை அனுமதித்தபோது அதைத் தொடவே மாட்டேன் என்றவர், இப்போது அதைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார். முந்தின வாரம் பரண்களைச் சரிபார்க்கப் போயிருந்தபோது அதே கதையை மறுபடி சொன்னார். அமெரிக்காவிலேயே மானுக்கு வில் சீசன் முதலில் வந்தது இந்த விஸ்கான்சினில், 1934இல், நம் சாக் கவுண்டியிலும் பக்கத்துக் கொலம்பியா கவுண்டியிலும். அடுத்த வருஷம் ஆல்டோ லியோபோல்ட் இதே கவுண்டியில் நிலம் வாங்கினார், அவரும் தன் கையால் வில் செய்தவர். இதை 24 வருஷமாகக் கேட்கிறேன். இந்தத் தடவை சொல்லி முடித்துவிட்டு உன் நாற்காலியைப் பார்த்து "பையன்?" என்றார். வேலை அதிகம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை.

எனக்கு அந்த கேம்ப் என்ன என்று உன்னிடம் எப்போதும் சொன்னதில்லை. நான் ஆலையில் சேர்ந்து மூன்று வருஷம் மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டேன். 2001இல் பால்பண்ணைக்காரர்தான் என்னை அந்த கேம்ப்புக்குக் கூப்பிட்டார். நம் ஊரில் மானைத் தொட்டாலே ஜெயில் என்று சொன்னேன், சிரித்தார். அந்த சீசனில் நான் அம்பே விடவில்லை, குளிரில் உட்கார்ந்ததோடு சரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, காலையில் வெயில் ஏற ஏற நம் வாசனை மலையேறும், சாயங்காலம் பள்ளத்தில் இறங்கும், மான் மூக்கால்தான் நம்மைப் பார்க்கிறது என்று எல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்தது. அடுத்த பிப்ரவரியில் மௌன்ட் ஹோரெப் பக்கத்து மான்களில் அந்த மூளைநோய் கண்டுபிடித்ததும் அம்மா ஃப்ரீசரில் இருந்த கறி முழுவதையும் கொட்டினாளே, அவர்கள் கொடுத்த பங்கு அது. ஒருவர்கூடக் கோபப்படவில்லை. பிற்பாடு மான் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, ரிசல்ட் வந்த பிறகுதான் அம்மா மிளகு வறுவல் போட்டாள். அந்த வறுவல் வராத வருஷம் கேம்ப்பில் என்னைக் கேள்வி கேட்டே கொல்வார்கள்.

2015க்கு முன்னால் மானைப் பதிவு செய்ய வண்டியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவோமே, நினைவிருக்கிறதா. முன்பின் தெரியாத ஆளெல்லாம் வண்டிக்குப் பின்னால் கூடி நின்று எங்கே, எப்போது, காற்று எப்படி என்று கேட்பார்கள். நீ பெரிய மனுஷன் மாதிரி பதில் சொல்வாய். இப்போது போனில் எண்ணைத் தட்டினால் முடிந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. நீ தனியாகப் போவது என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது.

உனக்கு 12 வயசில் பாதுகாப்பு வகுப்புக்குப் போனோம். 1973க்கு முன்னால் பிறந்த எனக்குச் சட்டப்படி அது தேவையில்லை என்றார் வாத்தியார். இருந்தாலும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். உனக்கு என்னைவிட இரண்டு மார்க் அதிகம். அதை ஆலையில் எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. மறு வருஷம் நீ முதல் மானைத் தவறவிட்டபோது கேம்ப் வழக்கப்படி உன் சட்டைவாலை வெட்டிச் சுவரில் குத்தினார்களே, அந்தக் கட்டம்போட்ட துண்டு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் என்னுடையது மூன்று, தாத்தாவுடையது பதினொன்று. பெரிய கொம்பு எடுத்த கதையை அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார்கள். தவறவிட்டதும் தொலைத்ததும் அந்த மேஜைக்கு மட்டும்தான்.

ஹார்னஸைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போன நவம்பரைப் பற்றி எழுதக்கூடாது என்றிருந்தேன். அது முடியவில்லை.

அன்றைக்கு நீ அம்பு விட்டது தப்பில்லை. இருபது கஜம், நின்ற மான், அது கடைசி நொடியில் ஓரடி எடுத்து வைத்தது. யாருக்கும் நடக்கும். அம்பில் பச்சையாக இருந்தது. தாத்தா அதை முகர்ந்து பார்த்து "காலையில் போகலாம்" என்றார். குடலில் பட்டால் எட்டு மணி நேரமாவது, பன்னிரண்டு இருந்தால் இன்னும் நல்லது, அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் முதலில் படுத்த இடத்திலேயே கிடக்கும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீயும் காலையில் போகலாம் என்றுதான் சொன்னாய். சூடான ராத்திரி, கறி கெட்டுவிடும் என்று நான்தான் கிளப்பினேன்.

கறிக்காக இல்லை சாமி. அந்த ராத்திரியே என் மகனுடைய மான் தூணில் தொங்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

நூறு கஜத்தில் அது படுத்த இடம் சூடாக இருந்தது. புதர் முறியும் சத்தத்தை நீயும் கேட்டாய். அப்புறம் ஏழு பேர் நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு ரத்தத் துளி ஒவ்வொன்றுக்கும் டாய்லெட் பேப்பர் கிழித்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை தேடினோம். நாலு மணிக்குப் பால் கறக்கப் போகவேண்டியவர்கூட முட்டிபோட்டு இலையைப் புரட்டினார். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்ததும் ஏன் காத்திருக்கவில்லை என்று யாரோ சும்மாதான் கேட்டார்கள். நான் "பையன் பதறிவிட்டான்" என்றேன்.

நீ அடுப்படியில் இருந்தாய், காபிக் கோப்பையோடு. உன் காதில் விழுந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். நீ ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து எல்லோரும் வரிசையாக நின்று காட்டைச் சலித்தபோதும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மேஜையில் விவரம் தெரியாதவன் என்று பெயர் வாங்கிவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உன்னை முன்னால் தள்ளினேன். தாத்தாவுக்கு நடந்தது தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இன்னொன்றும் இருக்கிறது. மார்ச்சில் பனி உருகினதும் தனியாகப் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் கோரைக்குள் கிடந்தது. எட்டுக் கிளை, இடது கொம்பில் நெற்றிக்குமேல் முள் இரண்டாகப் பிளந்தது, நம்முடையதேதான். நரி மாதிரியான அந்தக் கயோட்டிகள் மிச்சம் வைக்கவில்லை. வனத்துறை ஆளிடம் கேட்டு அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கராஜில் உன் பழைய ஹாக்கிப் பையின் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆறு மாசமாக அம்மாவுக்குக்கூடத் தெரியாது. உன்னிடம் காட்டினால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வருமே என்று வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அதை எடுத்துக்கொண்டு போகிறேன். மேஜைமேல் வைத்து, காத்திருக்கலாம் என்று சொன்னவன் என் மகன், கிளப்பினவன் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். நீ வந்தாலும் சொல்வேன், வராவிட்டாலும் சொல்வேன். வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. நாலு மணி நேர ஓட்டம்தான். இருட்டில் நெடுஞ்சாலையில் மெதுவாக வா, மான் குறுக்கே வரும்.

வடக்குப் பரணில் யாரையும் ஏறவிடவில்லை. வார் எல்லாம் மாற்றி, அடியிலிருந்து மேல்வரை புதுக் கயிறு கட்டியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க ஆனது. உனக்கு எடுத்த புது ஹார்னஸ் பரணுக்கு அடியில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. நீ வரவில்லை என்றால் திங்கட்கிழமை பார்சலில் அனுப்புகிறேன். அதுவரை அங்கே மரம் ஏறாதே.

அம்மா மிளகு வறுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா